பூட்டிய கழிப்பறைக்கு முதல் பரிசு

மந்தைவெளி மார்க்கெட் பக்கத்துத் தெருமுனையில் பெண்களுக்கென்று ஒரு கழிப்பறை கட்டினார்கள். கட்டி முடித்து எட்டு மாதமாகியும் ஒரு பெண்கூட அதற்குள் போனதில்லை. கம்பிக் கதவில் பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது.

கட்டடத்தைக் குறை சொல்ல முடியாது. உள்ளே மூன்று அறைகள், சுவர் முழுக்க ரோஸ் நிற டைல்ஸ், மேலே கறுப்புத் தண்ணீர்த் தொட்டி, சக்கர நாற்காலி ஏறுவதற்குச் சரிவு. முதல் அறை கொஞ்சம் பெரியது. அதில் மட்டும் வெஸ்டர்ன். கட்டியவர்கள் நகர நலவசதி வாரியம். வாசலுக்கு மேல் ‘நிம்மதி மகளிர் நல வளாகம்’ என்று பெரிதாக எழுதியிருந்தது. கழிப்பறை என்ற வார்த்தை எங்கேயும் இல்லை. மாண்புமிகு வந்து திறக்கப்போகிற இடத்தில் அப்படியொரு வார்த்தை இருக்கக்கூடாது என்று வாரியம் தீர்மானம் போட்டிருந்தது. கம்பிக் கதவுக்கு முன்னால் இரண்டு தூண்களுக்கும் நடுவே பட்டு ரிப்பன் ஒன்று கட்டியிருந்தது. வெயிலில் அது வெளுத்துப்போனதும் வாரியத்திலிருந்து ஆள் வந்து புதிது கட்டிவிட்டுப் போவார். அந்த ஒரு பராமரிப்பு மட்டும் தவறாமல் நடந்தது.

அதற்கு நேர் எதிரே நடைபாதையில் உட்கார்ந்து மீன் விற்பவள் தேவானை. வயது நாற்பத்தேழு. நொச்சிக்குப்பத்து வீட்டிலிருந்து காலை ஆறு மணிக்கு அன்னக்கூடை நிறைய மீனோடு ஷேர் ஆட்டோவில் ஏறினால், வியாபாரம் முடிந்து வீடு திரும்ப மதியம் மூன்று ஆகிவிடும். இந்த ஒன்பது மணி நேரமும் அவள் ஒரு வாய் தண்ணீர் குடிக்கமாட்டாள். குடித்தால் போகவேண்டிவரும். போக இடம் கிடையாது. பக்கத்தில் பூ விற்கும் கயல், கீரை விற்பவள், எலுமிச்சம்பழம் விற்பவள் என்று அந்த நடைபாதையில் உட்காரும் எட்டுப் பெண்களுக்கும் இதே ஏற்பாடுதான்.

அவர்களுக்குப் பின்னால் இருந்த ஹார்டுவேர் கடைக்காரி தங்கபுஷ்பத்தின் நிலைமையும் மேலானதில்லை. கணவர் சுயம்புலிங்கத்தோடு உடன்குடியிலிருந்து வந்து இருபது வருடமாகக் கடை நடத்துகிறாள். கடையில் ஆணி, பூட்டு, குழாய் எல்லாம் உண்டு. வெள்ளைவெளேரென்று பீங்கான் கக்கூஸ்கள் பதினைந்து வரிசையாக அடுக்கியிருக்கும். பொருத்தியது ஒன்றுகூடக் கிடையாது. கட்டடச் சொந்தக்காரர் அனுமதிக்கவில்லை. விற்கிற பொருளுக்கு நடுவே கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து தங்கபுஷ்பமும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் தேவானைக்கு அடிவயிற்றில் வலி தாங்காமல் காய்ச்சலும் வந்து அரசு ஆஸ்பத்திரிக்குப் போனாள். சிறுநீரில் கிருமி, கல் வேறு இருக்கிறது என்றார் டாக்டர். தினமும் மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்கவேண்டும் என்று கண்டித்துச் சொன்னார்.

“குடிக்கலாம் டாக்டரு. வுடறது எங்க?” என்று கேட்டாள் தேவானை.

டாக்டரிடம் அதற்கு மருந்து இல்லை. மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பினார்.

மாத்திரைப் பையோடு அவள் முதலில் போனது செம்பியனிடம். செம்பியன் அந்த வட்டத்தில் கட்சிக்காரர். எந்தக் கட்சி என்பது முக்கியமில்லை. அவருக்கே அது மூன்றாவது. கதவை எப்போது திறப்பீர்கள் என்று கேட்டாள். அவர் அவளை உட்காரவைத்து டீ சொல்லி, நடந்ததையெல்லாம் விளக்கினார். மாண்புமிகு மூன்று முறை தேதி கொடுத்தாராம். முதல் முறை கல்வெட்டில் ஒருவர் பெயர் சின்ன எழுத்தில் வந்துவிட்டதென்று அவருடைய ஆட்கள் சண்டை போட்டார்கள். இரண்டாவது கல்வெட்டில் பெயர்களெல்லாம் ஒரே அளவில் வந்தன. ஆனால் ‘நல வளாகம்’ ‘நள வளாகம்’ ஆகிவிட்டது. மூன்றாவது கல்வெட்டு சரியாக அமைந்தபோது மாண்புமிகு அதைவிடப் பெரிய கட்டடம் ஒன்றைத் திறக்கப் போய்விட்டார்.

அது பெரிய ஆட்களின் சங்கதி, நீங்களே பூட்டைத் திறந்துவிடக்கூடாதா என்றாள் தேவானை. செம்பியன் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“யக்கா, நீ ஒரு விசயம் புரிஞ்சிக்கணும். தொறக்காம கீற வரைக்கும் அது சாதனை. தொறந்துட்டா அது கக்கூஸு. கக்கூஸு முன்னால நின்னுகினு எவனாவது போட்டோ எடுப்பானா?”

தேவானை டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு எழுந்தாள்.

அவள் பதினெட்டு வயதிலிருந்து ஒரு தேர்தல்கூட விடாமல் ஓட்டுப் போட்டவள். எல்லாச் சின்னத்துக்கும் போட்டுப் பார்த்திருக்கிறாள். பிரச்சாரத்தின்போது வேட்பாளர்கள் தவறாமல் அவளிடம் வருவார்கள். மீன்காரி பக்கத்தில் நின்றால் படம் நன்றாக வரும். ஒருத்தர் வஞ்சிரத்தை வாலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு, இதுதான் எங்கள் தாய்க்குலத்தின் உழைப்பு என்றார். இன்னொருத்தர் நானே வெட்டிக் காட்டுகிறேன் என்று கத்தியை வாங்கி விரலை வெட்டிக்கொண்டார். தியாகத் தழும்பு என்று சொல்லி, தேர்தல் முடிகிறவரை அந்தக் கட்டைப் பிரிக்கவேயில்லை. எல்லாரும் அவளை அம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். அம்மாவுக்கு ஒன்றுக்கு வந்தால் எங்கே போவாள் என்று ஒரு பிள்ளையும் கேட்கவில்லை.

இன்னொன்றையும் அவள் கவனித்து வைத்திருந்தாள். ஓட்டுப் போடுகிற அன்று மட்டும் பள்ளிக்கூடத்தில் சாமியானா வரும், குடிக்கத் தண்ணீர் வரும், பெண்களுக்குத் தனி பாத்ரூம் என்று அம்புக்குறி போட்டு எழுதி ஒட்டியிருக்கும். மறுநாள் எல்லாவற்றையும் கழற்றி வண்டியில் ஏற்றிவிடுவார்கள். பொம்பளைக்கு அஞ்சு வருஷத்துக்கு ஒருநாள்தான் ஒன்றுக்கு வரும் என்று யாரோ பெரிய படிப்புப் படித்தவர் கண்டுபிடித்துச் சொல்லியிருக்கவேண்டும் என்பது அவள் எண்ணம். கடலுக்குப் போகிற கணவன் வேலுவிடம் இதைச் சொன்னாள். அவன் சிரித்தான். அவனுக்குச் சிரிப்பு வரும். அவனுக்குக் கடல் முழுக்க இருக்கிறது.

தங்கபுஷ்பம் மனு எழுதிக் கொடுத்தாள். நலம் விசாரித்து, வணக்கம் சொல்லி ஒரு பக்கம் எழுதிவிட்டு வாசித்துக் காட்டினாள். அவ்வளவும் வேண்டாம், ஐயா எங்களுக்கு அவசரம் என்று மட்டும் எழுதினால் போதும் என்றாள் தேவானை. அப்படியே எழுதி எட்டுப் பேரும் அடியில் பெயர் போட்டார்கள். தங்கபுஷ்பம் ஒன்பதாவதாகத் தன் பெயரையும் போட்டாள்.

வாரியத்தின் அலுவலகம் தி. நகரில் ஒரு நகைக்கடைக்குப் பின்புறம், இரண்டாவது மாடியில் இருந்தது. உதவிப் பொறியாளர் விஜயராகவன் கோபக்காரர் அல்ல. தேவானைக்கு நாற்காலி போடச் சொன்னார். மனுவை இரண்டு தரம் படித்தார். பிறகு, ஒரு சின்னத் திருத்தம் என்றார். கழிப்பறை பூட்டிக் கிடக்கிறது என்பது தவறு. அது பயன்பாட்டுக்கு முந்தைய நிலையில் இருக்கிறது.

பெயர் எதுவானாலும் உள்ளே போகமுடியவில்லையே என்றாள் அவள். புகாராகப் பதிவு செய்கிறேன் என்று கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். அதில் புகார்கள் பட்டியலாக இருந்தன: அழுக்கு, நாற்றம், தண்ணீர் இல்லை, விளக்கு இல்லை, கதவுக் கோளாறு. மேலும் கீழுமாகத் தேடிப் பார்த்துவிட்டு அவர் கையை விரித்தார்.

“பூட்டியிருக்குன்னு ஒரு புகார் இதுல கிடையாதும்மா. கழிப்பறைன்னா திறந்திருக்கும்னு நினைச்சு புரோகிராம் எழுதிட்டாங்க. எழுதினவங்க பெங்களூர்க்காரங்க. நம்ம நடைமுறை அவங்களுக்குத் தெரியாது.”

கடைசியில் கதவுக் கோளாறு என்று போட்டார். நான்கு நாளில் பதில் வந்துவிடும் என்றார். கிளம்பும்போது தேவானை அங்கே பாத்ரூம் எந்தப் பக்கம் என்று கேட்டாள். அலுவலர்களுக்கு மட்டும் என்று எழுதியிருந்த கதவைக் காட்டி, சாவி கண்காணிப்பாளரிடம் இருக்கிறது, அவர் சாப்பிடப் போயிருக்கிறார் என்றார் விஜயராகவன்.

நான்காம் நாள் பதில் வந்தது. தேவானையின் செல்போனை வாங்கித் தங்கபுஷ்பம் படித்தாள்: “கதவு ஆய்வு செய்யப்பட்டது. உறுதியாக உள்ளது. யாரும் திறக்க இயலாதவாறு சிறப்பாக மூடுகிறது. தங்கள் புகார் தீர்க்கப்பட்டது. நன்றி.”

அதற்கு மறுநாள் லாவண்யா என்ற பெண் போனில் கூப்பிட்டாள். வாரியத்தின் திருப்தி மையத்திலிருந்து பேசுவதாகச் சொன்னாள். புகார் தீர்ந்ததில் உங்களுக்கு எவ்வளவு திருப்தி, ஒன்று முதல் ஐந்துக்குள் ஒரு எண் சொல்லவேண்டும். தேவானை எண் சொல்லவில்லை. டாக்டர் சொன்னது, செம்பியன் சொன்னது, கம்ப்யூட்டர் சொன்னது எல்லாவற்றையும் சொன்னாள். அந்தப் பெண் நடுவில் பேசாமல் கேட்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, எங்க மையத்துலயும் நாற்பது பேருக்கு ஒரு பாத்ரூம்தான்க்கா என்றாள். ஆனால் எண் சொல்லாமல் போனை வைக்க மிஷின் விடாதாம். பூஜ்யம் என்றாள் தேவானை. பூஜ்யம் கிடையாது. சரி, கதவைத் திறந்தால் அஞ்சு கொடுக்கிறேன் என்றாள். அந்த வாக்கியத்தில் மிஷினுக்குப் புரிந்தது அஞ்சு மட்டும்தான். நன்றி என்று வேறொரு குரல் சொன்னதும் இணைப்பு அறுந்தது.

அடுத்து வந்தது ஆய்வு. ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு விஜயராகவனும் கேமரா வைத்த இரண்டு பேரும் ஜீப்பில் வந்து இறங்கி, ரிப்பனை அவிழ்த்து, பூட்டைத் திறந்து உள்ளே போனார்கள். கதவு திறந்திருப்பதை முதலில் பார்த்தவள் கயல். வயது இருபத்துநாலு, ஏழு மாதக் கர்ப்பம். காலை ஆறு மணியிலிருந்து அடக்கிக்கொண்டு பூ கட்டிக்கொண்டிருந்தாள். பூவை அப்படியே போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு தெருவைக் கடந்து போனாள்.

விஜயராகவன் வாசலிலேயே அவளை நிறுத்தினார். ரொம்ப மரியாதையாகத்தான் நிறுத்தினார். தூய்மைக்கான ஆய்வு நடக்கிறது, இப்போது யாராவது பயன்படுத்தினால் முடிவு மாறிவிடும் என்றார். ஒரு நிமிஷம் சார் என்று கயல் கெஞ்சினாள். அவர் வெள்ளைக் கைக்குட்டையைத் தரையில் தேய்த்து, கறை படியாததை அவளுக்கே காட்டினார். இதைக் கெடுக்க உங்களுக்கே மனசு வராதும்மா என்றார். படம் எடுத்தார்கள். பூட்டினார்கள். ரிப்பனைக் கட்டிவிட்டுப் போனார்கள்.

கயல் பறக்கும் ரயில் ஸ்டேஷன் சுவருக்குப் பின்னால் இருந்த இடிபாட்டுக்குள் போனாள். கல் புரண்டு விழுந்தாள். தேவானையும் தங்கபுஷ்பமும் அவளை ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனபோது புடவையில் ரத்தம் இருந்தது. சாயங்காலம் வரை ஒன்றும் சொல்லமுடியாது என்றார்கள். தேவானை வராந்தாவில் மீன் வாடையோடு உட்கார்ந்திருந்தாள். நான்கு மணிக்கு நர்ஸ் வந்து குழந்தைக்கு ஒன்றும் இல்லை, ஆனால் பிரசவம் வரை படுத்தே இருக்கவேண்டும், அவசியத்துக்கு மட்டும் எழுந்திருக்கலாம் என்று சொன்னாள். அப்போதுதான் தேவானைக்கு அழுகை வந்தது.

அன்றைக்கு அவளிடம் ஏதோ ஒன்று கழன்றுவிட்டது. அதுவரை இந்த விஷயத்தைப் பெண்களிடம் கிசுகிசுவென்று சொல்வாள். ஆண்கள் முன்னால் ‘அவசரம்’ என்பாள். மறுநாள் முதல் நடைபாதையில் உட்கார்ந்து, போகிற வருகிற எல்லாரிடமும் சத்தமாகச் சொல்ல ஆரம்பித்தாள். சங்கரா மீன் வாங்க வங்கி மேனேஜர் வந்தால் அவரிடமும் சொன்னாள். ஒண்ணுக்குப் போக எடமில்ல சார், தோ கீது பாருங்க, கட்டி பூட்டி வச்சிக்கீறாங்க. மேனேஜர் மீனை வாங்கிக்கொண்டு வேகமாக நடந்தார்.

மூன்று வாரம் கழித்து விஜயராகவன் தானே நேரில் வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. மாநகரத்திலேயே மிகச் சிறப்பாகப் பராமரிக்கப்படும் கழிப்பறைக்கான ‘தூய்மை மகுடம்’ விருது நிம்மதி வளாகத்துக்குக் கிடைத்திருக்கிறது. நூற்றுக்கு நூறு. அழுக்கு இல்லை, நாற்றம் இல்லை, ஒரு குழாயும் உடையவில்லை, ஒரு சொட்டுத் தண்ணீரும் வீணாகவில்லை. வந்தது ஒரே புகார்; அதுவும் தீர்ந்தது. போட்டிக்கு வந்த மற்றக் கழிப்பறைகள் எல்லாம் நன்றாகத்தான் இருந்தனவாம். ஆட்கள் போனதால் மார்க் குறைந்துவிட்டதாம்.

விழா அடையாறில். அதில் பயனாளி ஒருவர் பேசவேண்டும். முழுத் திருப்தி என்று ஐந்து மதிப்பெண் கொடுத்தது ஒருவர்தான், அது தேவானை. பேசவேண்டிய நாலு வரியை டைப் அடித்துக் கொண்டுவந்திருந்தார். படிக்க வராவிட்டால் மனப்பாடம் செய்துகொள்ளலாம்.

தேவானை ஒன்றே ஒன்று கேட்டாள். “மைக்கு எங்கையில குடுப்பீங்களா சார்?”

இரண்டு நிமிடத்துக்குக் கொடுப்போம் என்றார்.

அவர் போனபிறகு தங்கபுஷ்பம் ஆத்திரப்பட்டாள். “அந்தப் பிள்ள கெடையில கெடக்கா. நீங்க போயி அவனுவளுக்குப் பொன்னாட போடப் போறியளாக்கும்?”

“மைக்கு குடுக்கறேன்றாங்களே அண்ணாச்சிம்மா. நான் கேட்டா குடுப்பாங்களா?” என்றாள் தேவானை.

விழா மண்டபத்தில் ஏசி குளிர் நடுக்கியது. குளிரில் அடக்குவது இன்னும் கஷ்டம். தேவானை வெளியே போய்க் கேட்டாள். பாத்ரூம் முக்கிய விருந்தினர்களுக்கு ஒதுக்கியிருந்தது. முக்கிய விருந்தினர்கள் இன்னும் வரவில்லை. திரும்பி வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தாள்.

வாரியத் தலைவர் வெங்கடரமணன் பேசினார். முப்பத்தைந்து வருடம் பல துறைகளில் இருந்து ஓய்வுபெற்றவர். நல்ல குரல். “பொதுச் சொத்துக்கு மிகப்பெரிய ஆபத்து எது? மழையா? வெயிலா? இல்லை. என் அனுபவத்தில் சொல்கிறேன், பொதுமக்கள்தான். பாலம் கட்டினால் அதன்மேல் நடக்கிறார்கள். பூங்கா அமைத்தால் அதற்குள் வருகிறார்கள். இந்தச் சூழலில்தான் வாரியம் ஒரு புதிய சிந்தனையை முன்வைத்தது. மக்களுக்காக ஒன்றை உருவாக்குவது ஒரு பணி. அதை மக்களிடமிருந்து காப்பாற்றுவது அதைவிடப் பெரிய பணி. மந்தைவெளியில் இரண்டிலும் வென்றிருக்கிறோம். இதே முறையை மற்ற வளாகங்களுக்கும் விரிவாக்க உத்தேசித்திருக்கிறோம்.”

கை தட்டினார்கள். அடுத்துத் தேவானையைக் கூப்பிட்டார்கள். அவள் மைக்கைப் பிடித்தாள். மனப்பாடம் செய்யச் சொன்ன வரிகள் ஞாபகம் இருந்தன. அவற்றைச் சொல்லவில்லை.

“தலைவரு சொன்னது நிஜந்தான். எட்டு மாசமா அங்க ஒரு சொட்டு வுயல. ஏன்னா அத்தினியும் எங்க வயித்துல வச்சிக்கினு கீறோம். எனக்குக் கல்லு வந்துச்சு. கயலுன்னு ஒரு பொண்ணு, புள்ளத்தாச்சி. கதவு தொறந்துகீது, உள்ள போவ வுடல. சொவத்துக்கு அப்பால போயி வுயிந்து ரத்தமாயிடுச்சு. உங்க தரைய கர்சீப்பால தொடச்சுப் பாத்தாங்களே, அவ புடவைய யாருனா பாத்தீங்களா? எனக்கு சால்வ வோணாம் சார். சாவி குடுங்க.”

எல்லாரும் பலமாகக் கை தட்டினார்கள். பயனாளி பேசி முடித்ததும் தட்டவேண்டும் என்று முன்பே சொல்லி வைத்திருந்தார்கள். தலைவர் மிகவும் யதார்த்தமான உரை என்று பாராட்டி அவளுக்குச் சால்வை போர்த்தினார். மறுநாள் பத்திரிகையில் படம் வந்தது. கீழே ‘பயனாளி நெகிழ்ச்சி’ என்று போட்டிருந்தார்கள்.

தங்கபுஷ்பம் அந்தப் பத்திரிகையைக் காலை ஏழு மணிக்கு நடைபாதைக்கு எடுத்துவந்தாள். தேவானை படத்தைப் பார்த்தாள். அதில் அவள் வாய் திறந்து பேசிக்கொண்டிருந்தாள். பேசியதில் ஒரு சொல்கூடக் கீழே இல்லை. பத்திரிகையை மடித்து மீன் பொட்டலத்துக்கு வைத்துக்கொண்டாள். பூட்டை உடைக்க எது தோதுப்படும் என்று கேட்டாள்.

தங்கபுஷ்பம் கடைக்குள் போனாள். கம்பி வெட்டுகிற பெரிய கட்டர் ஒன்றை எடுத்துவந்தாள். முழ நீளக் கைப்பிடி. “சுத்தியல்னா சத்தம் கேக்கும். இது வெண்ணெ மாதிரி வெட்டும்” என்றாள். சுயம்புலிங்கம் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்து, வம்பாகிவிடும் என்று சொல்ல வாயெடுத்தார். மனைவி முகத்தைப் பார்த்துவிட்டு, கைப்பிடியை இரண்டு பேராகப் பிடிக்கச் சொன்னார்.

இரண்டு பேராகப் பிடித்தார்கள். பூட்டு விழுந்தது.

ரிப்பனை யாரும் வெட்டவில்லை. அது தங்கள் வேலையில்லை என்று நினைத்தார்கள். ஒவ்வொருத்தியாகக் குனிந்து அதற்கு அடியில் நுழைந்து போனார்கள். முதலில் தேவானையைத்தான் அனுப்பினார்கள். அவள் தாழ் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நின்றாள். யாரும் பார்க்காத ஒரு இடத்தில், யாராவது வந்துவிடுவார்களோ என்ற பயமில்லாமல், பகலில் நிற்பது அவளுக்குப் பழக்கமில்லை. குழாயைத் திருப்பினாள். தண்ணீர் வந்தது. வெளியே வந்து, தங்கபுஷ்பம் கடையிலிருந்து ஒரு பெரிய பாட்டில் தண்ணீர் வாங்கி, நடுத்தெருவில் நின்று அண்ணாந்து முழுவதையும் குடித்தாள்.

பத்தரை மணிக்கு விஜயராகவன் வந்தார். வரிசையில் பதினாறு பெண்கள் நின்றார்கள். அவர் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். ஈரக் கால் தடங்கள் இருந்தன. போலீசுக்குப் போன் செய்தார்.

வந்தவர் ஏட்டு நிலா. கபாலி கோயில் மாட வீதியில் காலை ஐந்து மணியிலிருந்து பந்தோபஸ்து நின்றுவிட்டு அப்படியே வந்திருந்தார். பூட்டை யார் வெட்டியது என்று கேட்டார். நான்தான் என்றாள் தேவானை. நானும்தான் என்றாள் தங்கபுஷ்பம். உள்ளே தண்ணீர் வருகிறதா என்பது ஏட்டின் அடுத்த கேள்வி. வருகிறது என்றார்கள். தொப்பியைக் கழற்றித் தேவானையிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார். வரிசையில் நின்றவர்கள் வழிவிட்டார்கள்.

வெளியே வந்த பிறகு நோட்டுப் புத்தகத்தை எடுத்து முறையாக விசாரித்தார். ஏதாவது திருட்டுப் போயிருக்கிறதா? இல்லை என்றார் விஜயராகவன். இது பொதுக் கழிப்பறையா? ஆமாம். உள்ளே இருப்பவர்கள் பொதுமக்களா? ஆமாம்.

“அப்போ இப்படி எழுதிக் குடுங்க சார். பொதுக் கழிப்பறையைப் பொதுமக்கள் உபயோகிக்கிறாங்க, நடவடிக்கை எடுக்கணும்னு. உங்க பேர் போட்டு, சீல் வச்சுக் குடுங்க. நான் கேஸ் போடறேன்.”

விஜயராகவன் பேனாவை எடுத்து முதல் வரி எழுதினார். எழுதியதைப் படித்துப் பார்த்தார். அவர் படித்தவர், அந்த வாக்கியம் எப்படி இருக்கிறது என்று அவருக்கே தெரிந்தது. தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினார். அடுத்த வாரம் வாரியம், பயன்பாட்டின் காரணமாக மகுடம் ரத்து செய்யப்படுகிறது என்று தேவானைக்குப் பதிவுத் தபாலில் தெரிவித்தது.

பெண்கள் முறை வைத்துக் கழுவினார்கள். தங்கபுஷ்பம் பினாயிலும் புது விளக்குமாறும் கொடுத்தாள். ஐந்து வாரம் இப்படிப் போனது. அப்புறம் ஒருநாள் செம்பியன் மூச்சிரைக்க ஓடிவந்தார். மாண்புமிகு தேதி கொடுத்துவிட்டார். வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. மூன்று நாள் மட்டும் பூட்டி, கழுவி, பெயின்ட் அடித்து வைத்தால் அவர் வந்து திறந்துவைப்பார். ரிப்பன் வெட்டி, முதல் அறைக் கதவைத் தள்ளித் திறப்பதுதான் நிகழ்ச்சி. பூட்டியிருந்தால்தானே திறக்கமுடியும், யக்கா கொஞ்சம் யோசி என்றார்.

“ரிப்பன் அவருக்குன்னுதான் அப்டியே வச்சிக்கீறோம். வந்து வெட்டிக்கட்டும்” என்றாள் தேவானை. “பூட்டு மட்டும் போட மாட்டோம். இனிமே அந்தக் கதவுல எவனும் பூட்டு போட முடியாது.”

செம்பியன் கட்சிப் பதவியை வைத்து மிரட்டிப் பார்த்தார். பிறகு அழுகிற மாதிரி கேட்டுப் பார்த்தார். அவள் கெளுத்தி மீனைச் சுத்தம் செய்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை தெரு முழுக்கத் தோரணம். பேண்டு வாத்தியம் வந்தது. விஜயராகவனும் வெங்கடரமணனும் புதுச் சட்டையில் நின்றார்கள். பத்தே முக்காலுக்கு ஆறு கார்கள் வந்து, மூன்றாவது காரிலிருந்து மாண்புமிகு இறங்கினார். வெள்ளித் தட்டில் கத்தரிக்கோல் நீட்டப்பட்டது. ரிப்பனை வெட்டினார். கேமராக்கள் முன்னால் வர, பின்னால் கூட்டம் நெருக்க, சிரித்த முகத்தோடு முதல் அறைக் கதவில் கை வைத்துத் தள்ளினார்.

கதவு திறக்கவில்லை. மறுபடியும் தள்ளினார். விஜயராகவன் ஓடிவந்து தோளைக் கொடுத்துத் தள்ளினார்.

“உள்ள ஆளு கீது சார்” என்றாள் தேவானை. “கொஞ்சம் நில்லுங்க.”

உள்ளே இருந்தது கயல். ஒன்பதாம் மாதம். ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு வீட்டுக்குப் போகிற வழியில் ஆட்டோவை நிறுத்தி, தேவானை கையைப் பிடித்துக்கொண்டு சரிவில் மெல்ல ஏறி, அவள் தூக்கிப் பிடித்த ரிப்பனுக்கு அடியில், கார்கள் வருமுன்பே உள்ளே போயிருந்தாள். அவளால் அவசரப்பட முடியாது. அவசரப்படக்கூடாது என்று டாக்டரும் சொல்லியிருந்தார்.

மாண்புமிகு கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார். கையில் கத்தரிக்கோல் இருந்தது. வாசிப்பதா நிறுத்துவதா என்று தெரியாமல் பேண்டுக்காரர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். வெங்கடரமணன் மேலே தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தார். இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்று மாண்புமிகு செம்பியனைக் கேட்டார். செம்பியன் தேவானையைப் பார்த்தார். அதை எப்டி சார் சொல்றது, வரும்போது வருவா என்றாள் தேவானை. பேண்டு நின்றுவிட்டதால் உள்ளே குழாய்த் தண்ணீர் வாளியில் விழும் சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

தாழ்ப்பாள் விலகியது. கயல் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். எதிரே இத்தனை வெள்ளைச் சட்டைகளையும் கேமராக்களையும் அவள் எதிர்பார்க்கவில்லை. நடுவில் கத்தரிக்கோலோடு நிற்பவர் யாரென்றும் அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. அவருக்குப் பின்னால் கீரைக்காரியும், எலுமிச்சம்பழக்காரியும், தங்கபுஷ்பமும், பந்தோபஸ்துக்கு வந்திருந்த ஏட்டு நிலாவும் வரிசையில் நிற்பதைத்தான் பார்த்தாள்.

“கொஞ்சம் தள்ளிக்கோங்க சார்” என்றாள். “லேடீஸ் நிக்கிறாங்க.”

மாண்புமிகு தள்ளி நின்றார்.